மாகாளிக் கொடியும் வயலோரமும்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மேலகிரி மலைச்சாரலை நோக்கிச் செல்வோர், பாறை இடுக்குகளில் படர்ந்து ஏறும் ஒரு புதர்க்கொடியைக் காணக்கூடும். ஒடித்தால் பால் வடியும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை; பூக்கள் மிகச் சிறியவை, கொத்தாகப் பூப்பவை. இதுவே மாகாளி. கன்னடத்தார் மாகளி பேரு என்றும், தெலுங்கர் மாரேடு கொம்முலு என்றும் வழங்குவர். தென்னிந்தியாவுக்கு வெளியே இஃது இயற்கையாக வளர்வதில்லை.

இதன் பூவைக் கண்டவர் சிலரே. தயிரில் ஊறிய கிழங்கை உண்டவர் பலர். வெனிலாவின் மணப்பொருளில் உள்ள அணுக்களே வேறோர் அமைப்பில் சேர்ந்து இக்கிழங்குக்கு மணம் தருகின்றன. சேமித்த தானியத்தைத் தாக்கும் வண்டுகளை இக்கிழங்கின் சத்து அழிப்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்துள்ளனர். நன்னாரிக்குப் பதிலாகவும் இது கடைகளில் விலை போகின்றது. இத்தனை கிராக்கியே இதற்குச் சத்துருவாயிற்று.

நாம் கிழங்கென்பது உண்மையில் இதன் வேரேயாகும். காட்டில் தோண்டுவோர் கொடியை அடியோடு பெயர்த்துவிடுகின்றனர். பட்டுப்போன்ற மயிர்க்குச்சத்துடன் காற்றில் பறக்கும் விதை முற்றுமுன் கொடி மாண்டால், அவ்விடத்தில் சந்ததியில்லை. போதாக்குறைக்கு நிலமும் சுருங்குகின்றது. 1970-களிலிருந்து ஓசூர் தொழில் நகரமாக வளர்ந்து வருகின்றது. ஜில்லாவில் கருங்கல் வெட்டும் தொழிலும் பெருகியுள்ளது. கொடிக்கு உகந்த கரட்டு நிலத்தைத் தரிசென்று ஏளனமாக எண்ணுவது நம்மவர் வழக்கம்!

2014-ல் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-ல் அதனையடுத்துக் காவேரி தெற்குச் சரணாலயமும் அமைக்கப்பட்டன. காட்டிலுள்ள கொடிக்கு இவை காவலாகும். ஆயினும் சந்தையில் கேட்பு இருக்கும்வரை திருட்டுத் தோண்டல் நிற்பது அரிது. கிழங்கு வயலிலிருந்து வந்தாலன்றி வனக்காவலர் மட்டும் என் செய்வர்?

ஆகவே குடியானவர்கள் இதனை வேலியோரத்தில் பயிரிட முன்வருதல் வேண்டும். நீர் தேங்காத சரளைச் செம்மண் ஏற்றது. விதை நாட்பட்டால் முளைப்பு குன்றும். ஆதலின் காய் வெடித்தவுடன் சேகரித்து நாற்றுவிடுக. படர்வதற்குக் கிளுவை முதலிய வேலிமரம் போதும். கிழங்கு பருக்கச் சில ஆண்டுகள் செல்லுமாகையால், முதல் ஆண்டிலேயே தோண்டிப் பார்க்கும் ஆவலை அடக்குக. அறுவடையின்போதும் பக்கவேர்களில் சிலவற்றை மட்டும் அறுத்தெடுத்து, குழியை மண்ணிட்டு மூடி, விதைக்கென இரண்டொரு கொடியைத் தொடாது விடுக.