ஈற்றடியும் முப்பது நாளும்

கவிதை என்பது உள்ளத்தில் தானாக ஊறி வரவேண்டிய ஒன்று, நாளுக்கு ஒன்று வீதம் எழுதித் தீர்ப்பதற்கு அது என்ன பால் கணக்கா என்று கேட்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் ஏப்ரல் மாதம் முழுவதும் நாளுக்கொரு கவிதை எழுதுவது என்ற நியமத்தை அமெரிக்கக் கவிஞர் மோரீன் தோர்சன் 2003ஆம் ஆண்டில் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள, அதைக் கண்டு மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, எழுதுவோருக்கு ஒத்தாசையாகத் தினம் ஒரு தூண்டல் கொடுக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்து, இன்று பல தேசங்களில் பல்லாயிரம் பேர் அந்த விரதத்தை அனுஷ்டிக்கிறார்கள். அந்நாட்டுக் கவிஞர் கழகம் 1996ஆம் ஆண்டிலிருந்தே ஏப்ரலைக் கவிதைக்குரிய மாதமாகக் கொண்டாடி வந்தது இதற்கு அனுகூலமாயிற்று.

தூண்டல் கொடுத்துப் பாடச் சொல்வது நமக்கு ஒன்றும் நூதனமல்ல. செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடியும்படி முருகப்பெருமான் மீது ஒரு வெண்பா வேண்டும் என்று காளமேகப் புலவரைக் கேட்டார்கள் என்பதும், அவர் சற்றும் தயங்காமல் பாடிக் கொடுத்தார் என்பதும் கர்ணபரம்பரையாக வரும் செய்தி. வடமொழியில் சமஸ்யை என்று வழங்குவதையே நம் வித்துவான்கள் ஈற்றடி கொடுத்தல் என்றார்கள். வெண்பாவின் கடைசி அடிக்கு மூன்றே சீர். அந்த மூன்றையும் பிறர் கொடுத்துவிட்டால், பாடுகிறவர் முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, வெண்டளை பிறழாமல், முந்தைய அடியின் கடைசிச் சீர் அந்த ஈற்றடியோடு இசைந்து நிற்கும்படி மற்ற அடிகளைக் கட்டியாக வேண்டும். நினைத்ததைச் சொல்வதற்கு அங்கே இடமில்லை. சொல்ல முடிந்ததிலிருந்து புதிதாக ஒன்றை நினைக்க வேண்டியதுதான்.

1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில், நூறு காரியங்களை ஏககாலத்தில் கவனத்தில் நிறுத்திச் சதாவதானம் செய்து காட்டிய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி இன்றும் ஒரு கதை சொல்லுவார்கள். இராமபிரான் துருக்கர் ஒருவரைத் துதித்ததாகப் பொருள்படும் ஓர் ஈற்றடியை அவையில் ஒருவர் விஷமமாகக் கொடுக்க, இஸ்லாமியரான பாவலர் முந்தைய அடியின் முடிவில் ஓர் அசையைச் சேர்த்து, அந்தச் சொல்லைச் சத்துருக்கனின் பெயராக்கிவிட்டாராம். கொடுத்தவர் வைத்த பொறியே பாடியவருக்குப் படியாயிற்று.

இக்காலத்தில் நாம் கொடுக்கும் தலைப்புகளில் இந்தப் பொறி இல்லை என்பதே என் குறை. நிலா, அம்மா, நட்பு, மழை என்று தலைப்புக் கொடுத்தால், எழுதுகிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் ஏற்கெனவே படித்த நூறு கவிதைகள். அவற்றின் சாரம் கையில் ஒட்டிக்கொண்டு காகிதத்தில் இறங்கிவிடுகிறது. நல்ல தூண்டல் என்பது விஷயதானமல்ல. அது ஒரு தடை. இன்ன சொல்லைத் தொடாதே, இத்தனை அடிக்கு மிஞ்சாதே, இந்த இடத்தில் முடி என்று வழிமறிக்கும்போதுதான், பழகிய பாதையை விட்டு மனம் புதர்ப்பக்கம் திரும்புகிறது.

தாம்பரத்திலோ அதைச் சுற்றிய ஊர்களிலோ இருப்பவர், வெளியூர்த் தூண்டல்களை எதிர்பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கோடரியைப் பற்றி, கல் என்ற சொல்லே வராமல், அதைச் செதுக்கிய கை பேசுவதாக எழுதலாம். அதே பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையை விலைகளைக் கொண்டு மட்டுமே சொல்லலாம். டாக்டர் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனையால் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்துவிட்டதே, அந்தப் பெயர்ப்பலகையை நோய், மருந்து என்ற இரண்டு சொற்களும் இல்லாமல் பாடமுடியுமா? சிட்லபாக்கம் ஏரியை, தண்ணீரைக் குறிப்பிடாமல்?

கிழக்குத் தாம்பரத்தின் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு. 1937ஆம் ஆண்டில் இங்கே குடிபெயர்வதற்கு முன்பு அது பட்டணத்தில் இருந்த காலத்தில், அங்கே தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர், ஆங்கிலத்தாரின் பதினான்கடிப் பாடல் வடிவத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தவர். அன்னிய வடிவமாயினும் அதுவும் தாமாக ஏற்றுக்கொண்ட ஒரு கட்டுப்பாடுதானே!

நேரம் எங்கே என்று கேட்பவருக்கு ரயிலைக் காட்டலாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டிகளில் காலையிலும் சற்று முன்னதாகப் போனால் உட்கார இடம் கிடைக்கும். தூண்டலைத் தாம்பரத்தில் படித்து, கிண்டி வரை எழுதாமல் யோசித்து, மாம்பலத்துக் கூட்டம் ஏறியபின் எழுதத் தொடங்குவது நல்லது. முதலில் தோன்றிய மூன்று எண்ணங்களும் அதற்குள் சலித்துப் போயிருக்கும்.

முப்பதில் இருபத்தைந்து மோசமாக இருக்கும், சந்தேகமில்லை. பல ஆண்டுகள் தினந்தோறும் விடியற்காலையில் எழுதிவந்த அமெரிக்கக் கவிஞர் வில்லியம் ஸ்டாஃபோர்டு, தாம் எதிர்பார்க்கும் தரத்துக்குக் கவிதை வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, தரத்தைக் குறைத்துக்கொண்டு மேலே எழுதுவேன் என்றார். 1993 ஆகஸ்டு 28ஆம் தேதி, தாம் இறந்த அன்று காலையிலும் அவர் ஒரு கவிதை எழுதினார். தரத்தைக் குறைத்துக்கொள்வதை மரியாதைக் குறைவாக நினைக்கும் நம்மவர்கள்தான் ஆண்டுக்கு ஒன்றுகூட எழுதாமல், ஸ்பூர்த்தி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் வெயிலில் முடியாதென்றால் மார்கழி இருக்கிறது. விடியலில் எழுவதற்கும், நாளுக்கொரு பாசுரமாகத் திருப்பாவை ஓதுவதற்கும் நம் வீடுகளுக்குப் பழக்கமான மாதம் அது. ஆனால் மார்கழி பல ஆண்டுகளில் 29 நாளோடு முடிந்துவிடும். முப்பது பாசுரங்களையும் நிறைவு செய்ய, அப்போது கடைசி நாளில் இரண்டு ஓதுகிறார்கள். எழுதுகிறவரும் போகியன்று இரண்டு எழுதிவிட வேண்டியதுதான்.