விளைபொருளுக்கு இணைய முகவரி: புதிய வால்கள் தேவையா?

மண்டிக்கு அனுப்பாமல் தம் விளைபொருளைத் தாமே பொட்டலம் போட்டு விற்கும் சிறு விவசாயிகள் இப்பொழுது பெருகி வருகிறார்கள். மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மஞ்சள் தூள், பாரம்பரிய அரிசி என்று பல பொருட்கள் இவ்விதம் வீடு தேடிப் போகின்றன. லேபிள் அச்சடிக்கும்பொழுது, ஊர்ப் பெயர், கைபேசி எண் இவற்றோடு ஓர் இணைய முகவரியும் போட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. பழகிப்போன டாட் காம், டாட் இன் ஆகியவற்றை எடுப்பதா, அல்லது டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன், டாட் பார்ம் என்று புதிதாக வந்திருக்கும் வால்களில் ஒன்றை எடுப்பதா?

இணைய முகவரியை யாரும் கிரயம் வாங்குவதில்லை என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். அது குத்தகைதான். ஒரு வருடம் முதல் பத்து வருடம் வரை பணம் கட்டி வைத்துக் கொள்ளலாம். கெடு முடிந்து, அதன்பின் தரப்படும் சில நாள் அவகாசமும் போய்விட்டால் அந்தப் பெயரை வேறு எவரும் எடுத்துக் கொள்ளலாம். லேபிளிலும் சாக்கிலும் அச்சடித்த முகவரி அப்புறம் அவருடைய கடைக்கு ஆள் சேர்க்கும்.

டாட் காம் 1985-ல் வந்தது. நம் நாட்டுக்குரிய டாட் இன் முகவரியை 2005 முதல் எவரும் எளிதில் பதிவு செய்து கொள்ள முடிகிறது. இதை 'நிக்ஸி' எனப்படும் இந்தியத் தேசிய இணைய இணைப்பகம் நிர்வகிக்கிறது. உலக அளவில் இப்பெயர்களை ஒழுங்கு செய்யும் 'ஐகேன்' அமைப்பு 2012-ல் புதிய வால்களுக்கு மனுக்கள் பெற்றது. 1,930 மனுக்கள் வந்தன. 2013 கடைசியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வால்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. பண்ணைக்கென்றே டாட் பார்ம் இருக்கிறது.

புதியவற்றில் ஆதாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. டாட் காமில் சிறிய, நல்ல பெயர்கள் எல்லாம் என்றோ போய்விட்டன. புதிய வாலில் விரும்பிய பெயர் சுலபமாகக் கிடைக்கும். முதல் வருடக் கட்டணமும் பல சமயம் நூறு, இருநூறு ரூபாய்தான். இந்த மலிவில்தான் கவனம் வேண்டும். இரண்டாம் வருடம் புதுப்பிக்கப் போகும்பொழுது அதே முகவரிக்கு ஆயிரம், இரண்டாயிரம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் கேட்கிறார்கள். ஜி.எஸ்.டி. தனி. முதல் போகத்துக்கு விதையை இனாமாகக் கொடுத்து, மறுபோகத்தில் விலை சொல்லும் வியாபாரம் போன்றதே இது. லேபிள் அச்சாகி, வாடிக்கையாளருக்கும் முகவரி பழகிவிட்ட பிறகு விவசாயி எங்கே போவார்?

டாட் காமின் மொத்த விலையை ஏற்றுவதற்கு ஒப்பந்தப்படி உச்சவரம்பு உண்டு. புதிய வால்களுக்கு அப்படிப்பட்ட வரம்பு கிடையாது. 2017-ல் ஒரு பதிவகம் தன் வசமிருந்த சில வால்களின் விலையைப் பல மடங்கு உயர்த்திவிட்டது. புதுப்பிக்கும் விலையை உயர்த்துவதானால் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவகம் அறிவிக்க வேண்டும் என்பதும், அந்த அவகாசத்துக்குள் பழைய விலையிலேயே பத்து வருடம் வரை புதுப்பித்துக் கொள்ளலாம் என்பதும் ஓரளவு பாதுகாப்பு. ஆனால் பத்து வருடப் பணத்தை ஒரே தடவையில் கட்டச் சிறு விவசாயியால் ஆகுமா?

முழு இலவசம் என்றால் இன்னும் மோசம். டாட் ஜிஏ என்பது ஆப்பிரிக்காவிலுள்ள காபோன் நாட்டின் வால். அதைப் பல ஆண்டுகள் ஒரு வெளிநாட்டு நிறுவனம் இலவசமாக வாரி வழங்கியது; மோசடிக்காரர்கள் ஏராளமாகப் புகுந்தார்கள். 2023-ல் காபோன் அதைத் திரும்ப எடுத்துக் கொண்டபொழுது சுமார் 70 லட்சம் முகவரிகள் நீக்கப்பட்டன.

விலையைவிடப் பெரிய விஷயம் வாடிக்கையாளரின் காதும் கையும். முகவரியை வாயால் சொன்னால், கடைசியில் டாட் காம் என்றே கை தானாகப் போடுகிறது. அமெரிக்காவில் ஓவர்ஸ்டாக் என்ற பெரிய இணைய வியாபார நிறுவனம் 2011-ல் தன் பெயரைச் சுருக்கி 'ஓ டாட் கோ' என்று மாற்றிக் கொண்டது. விளம்பரத்துக்குக் கணக்கில்லாமல் செலவு செய்தது. ஒரு விளையாட்டு அரங்குக்கே அந்தப் பெயரைச் சூட்டியது. மக்களோ 'ஓ டாட் காம்' என்று தட்டிக் கொண்டிருந்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே நிறுவனம் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு பணம் போட்டவர்களுக்கே இந்த நிலை. கூகிளின் தாய் நிறுவனம் 2015-ல் எக்ஸ்-ஒய்-இசட் என்ற புதிய வாலில் முகவரி வைத்துக் கொண்டதை விற்பனையாளர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அந்த முகவரியில் அவர்கள் எண்ணெயோ அரிசியோ விற்கவில்லை.

ஆகவே ஒரு பெயரைப் புதிய வாலில் எடுக்குமுன், அதே பெயர் டாட் காமிலும் டாட் இன்னிலும் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அங்கே வேறொருவர் அதே சரக்கை விற்றுக் கொண்டிருந்தால், அந்தப் பெயரையே விட்டுவிடுவது உத்தமம். பாதி வாடிக்கை அவருக்குத்தான் போகும்; வழக்குக்கும் இடமுண்டு. இணையப் பெயருக்கும் வணிகச் சின்னத்தைப் போன்ற பாதுகாப்பு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

வாலில் 'பண்ணை' அல்லது 'கடை' என்ற பொருள் இருந்தால் கூகிள் தேடலில் முன்னால் வரும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். அப்படி எந்தச் சலுகையும் இல்லை என்று கூகிள் 2015-ல் தெளிவாக அறிவித்துவிட்டது. டாட் ஆர்கானிக் என்ற வாலும் உண்டு; அது இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டிருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் முகவரி வேறு, அங்ககச் சான்று வேறு. சான்றிதழ் வேலையை முகவரி செய்யாது. டாட் கோ-ஆப் கூட்டுறவு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவதால், சங்கங்களுக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்துக் கொள்ள 'டாட் இந்தியா' என்பதைத் தமிழில் எழுதிப் பதிவு செய்யும் வசதியும் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து மின்னஞ்சல் முகவரி அமைத்தால் பல இடங்களில் ஏற்றுக் கொள்வதில்லை. இரண்டாவது முகவரியாக வைத்துக் கொள்ளலாம்.

சிறு விவசாயிக்கும், பலர் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் டாட் இன் ஒன்றே தாராளமாகப் போதும். வருடச் செலவு பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதே பெயரில் டாட் காமும் கிடைத்தால் அதையும் எடுத்து, இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும்படி செய்யலாம். சரக்கு முழுவதும் மண்டிக்கே போகிறது என்றால் எந்த வாலும் வேண்டியதில்லை. கைபேசி எண் போதும்.

வாலுக்கு முன்னால் வரும் பெயரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்பொழுது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். 'பழம்' என்பதில் 'ழ'வுக்கு ஒருவர் இசட், எச் போடுவார். இன்னொருவர் எல் போடுவார். 'பாலாறு' என்றால் ஏ ஒன்றா இரண்டா என்று தடுமாற்றம். நெடிலும் ழகரமும் இல்லாத சிறு பெயராகப் பார்ப்பது நல்லது. இதற்கு ஒரு சோதனை உண்டு. முகவரியை எழுதிக் காட்டாமல், வெளியூரிலுள்ள நாலைந்து உறவினர்களுக்குத் தொலைபேசியில் ஒரே தடவை சொல்லி, கைபேசியில் தட்டச் சொல்ல வேண்டும். மூன்று பேர் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெயர் ஆகாது.

பதிவு செய்யும்பொழுது முதல் வருட விலையை விட்டு, புதுப்பிக்கும் விலை என்னவென்று கேட்க வேண்டும். சில நல்ல பெயர்களுக்கு 'பிரீமியம்' என்று தனி விலை வைத்து, வருடா வருடம் அதையே வசூலிப்பதும் உண்டு. இணையதளம் அமைத்துத் தருபவர் அவசரத்தில் தம் பெயரிலேயே பதிவு செய்து விடுவதுண்டு. பின்னால் மனஸ்தாபம் வந்தால் முகவரி அவருடையதே. நிலத்துக்குப் பட்டா எவர் பெயரில் என்று பார்ப்பது போல, உரிமையாளர் என்ற இடத்தில் விவசாயியின் பெயரும், அவருடைய சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று பணம் கட்டிய அன்றே பார்த்துவிட வேண்டும். கெடு நெருங்கும்பொழுது நினைவூட்டல் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.