ஒரு கச்சான் மட்டும் கசப்பது ஏன்?

வறுத்த கச்சானை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போது, திடீரென ஒன்று மட்டும் கசக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்புவோம். கசப்பு போவதற்காக இன்னும் நான்கைந்தை எடுத்துப் போட்டுக்கொள்வோம். "சொத்தைக் கடலை" என்று ஒரே வார்த்தையில் கதை முடிந்துவிடும். திரையரங்கு வாசலில் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே வாங்கித் தின்ற காலத்திலிருந்து இது எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. ஆனால், அந்தச் சொத்தைக் கடலையைப் பற்றி உலகம் தெரிந்துகொண்ட கதைக்குப் பின்னால் ஒரு லட்சம் வான்கோழிகளின் சாவு இருக்கிறது.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இறந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். என்ன நோய் என்று யாருக்கும் விளங்காததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். கிருமியைத் தேடித் தேடிக் களைத்த பிறகு, தீவனத்தின் பக்கம் பார்வை திரும்பியது. அதில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. பிண்ணாக்கில் 'அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்ற பூசணம் இருந்தது. அது சுரந்த நஞ்சுக்கு, அந்தப் பெயரையே சுருக்கி 'அஃப்ளாடாக்சின்' என்று பெயரிட்டார்கள்.

இந்த நஞ்சு கல்லீரலைத் தாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் இதைச் சேர்த்திருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலில் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. மலேசியர்களுக்கு இது தூர தேசத்துச் செய்தியும் அல்ல. 1988ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் மீ உணவு சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்தபோது, அந்த உணவிலும் இதே நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அது கச்சான் அல்ல. ஆனால் நஞ்சு ஒன்றுதான்.

மண்ணுக்குள் வளரும் காய்

பட்டாணியும் பயறும் காற்றிலே தொங்கிக் காய்க்கும்போது, கச்சானுக்கு மட்டும் ஒரு விசித்திர குணம். இதன் மஞ்சள் பூ வெளிச்சத்தில் பூக்கிறது. கருவுற்ற பிறகு, பூ இருந்த இடத்திலிருந்து ஊசி போன்ற ஒரு விழுது கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. அதன் நுனிதான் இருட்டுக்குள் காயாகிறது. வேர்க்கடலை என்று நாம் சொன்னாலும் அது வேரில் காய்ப்பதே இல்லை.

தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் இது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் மல்லாட்டை என்கிறார்களே, அது 'மணிலாக்கொட்டை' மருவி வந்த பெயர். வெளியூரிலிருந்து வந்த பயிர் என்பதைப் பெயரிலேயே தமிழர்கள் எழுதி வைத்துவிட்டார்கள்! திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், குடியாத்தம் வட்டாரத்து நாட்டுக் கடலையிலிருந்து தெரிவுசெய்து 1940இல் வெளியிட்ட 'டி.எம்.வி. 2' ரகம் தலைமுறைகள் தாண்டியும் ஆந்திர, கர்நாடக நிலங்களில் பயிராகி வந்திருக்கிறது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கமே.

காய் மண்ணுக்குள் வளர்வதால் இரண்டு விளைவுகள். முதலாவது, பருப்பு திரளத் தேவையான சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டு வந்து தராது. காயே தன் தோல் வழியாக மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதனால்தான் விதைத்த 40 முதல் 45 நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதைச் செய்யாவிட்டால் ஓட்டை உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கிராமத்தில் அதற்குப் பொக்கு என்று பெயர்.

இரண்டாவது விளைவுதான் பெரிய தலைவலி. அந்தப் பூசணம் வசிப்பதும் அதே மண்ணில்தான். காய்க்கும் பூசணத்துக்கும் இடையில் இருப்பது ஒரு மெல்லிய ஓடு மட்டுமே. செடிக்குப் போதிய ஈரம் கிடைக்கும் வரை, பருப்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அறுவடைக்கு முந்திய மூன்று, நான்கு வாரங்களில் மழை பொய்த்து, மண்ணும் சூடேறினால் பருப்பில் ஈரம் குறைகிறது, காவல் நின்றுவிடுகிறது, பூசணம் உள்ளே நுழைகிறது. தென்னிந்தியாவில் வானத்தை நம்பிய மானாவாரி நிலத்தில்தான் கடலை மிகுதியாகப் பயிராகிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தெரியும் எதிரி, தெரியாத எதிரி

விவசாயி பயப்படுவதோ புழுவுக்கு. அதிலும் சிவப்புக் கம்பளிப்புழு என்றால் கதிகலங்குவார். கோடை முழுதும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கி, முதல் மழை விழுந்ததும் அந்துப்பூச்சிகளாக ஒரே நேரத்தில் கிளம்பும். அவை இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்கள் வயல்விட்டு வயல் படையெடுத்துப் போகும். மழை பெய்த இரவுகளில் வரப்போரம் தீ மூட்டி அந்துப்பூச்சிகளைக் கவர்ந்து அழிப்பதும், கோடை உழவு செய்து கூட்டுப்புழுக்களைப் பறவைகளுக்கு விருந்தாக்குவதும், வயலைச் சுற்றிக் குழி வெட்டிப் புழுக்களை மடக்குவதும் இதற்கான வழிகள். எல்லாரும் ஒரே இரவில் தீ மூட்டினால்தான் பலன். ஒருவர் மூட்டி ஒன்பது பேர் தூங்கினால் பயனில்லை.

புரோடீனியாப் புழுவுக்கு வேறு தந்திரம். அதன் தாய்ப்பூச்சிக்கு ஆமணக்கு இலை என்றால் கொள்ளை ஆசை. கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கை நட்டால் முட்டைக் குவியல்களை அங்கேதான் இடும். அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால் வேலை முடிந்தது. மருந்துக்கடைக்காரர் இதைச் சொல்லித்தர மாட்டார்.

சில நேரங்களில் எதிரி வயலுக்குள்ளேயே இருக்காது. 2000ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சத்து 25 ஆயிரம் ஹெக்டேர் கடலைப் பயிர் தண்டு கருகிப் பாழானது. நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கும் அதிகம். ஆராய்ந்தபோது, புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸ் என்று தெரிந்தது. அது ஒளிந்திருந்த இடம், சாலையோரம் யாரும் கவனிக்காமல் மண்டிக்கிடந்த பார்த்தீனியம் களைச்செடி. வைரஸ் இருந்தும் அந்தக் களையில் எந்த அறிகுறியும் தெரியவில்லை. அதன் மகரந்தத்தை இலைப்பேன்கள் கடலைச் செடிக்குச் சுமந்து வந்தன. பூச்சிமருந்தை எவ்வளவு தெளித்தாலும் களை இருக்கும் வரை தொல்லை தீராது அல்லவா?

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதங்கள். இலையில் ஓட்டை தெரியும், செடி கருகியது தெரியும். அஃப்ளாடாக்சின் விஷயத்தில் செடி பச்சையாக இருக்கலாம். மூட்டையும் கனமாக இருக்கலாம். கறையான் சுரண்டிய காய், மண்வெட்டி பட்டுப் பிளந்த காய் இவற்றின் வழியே நஞ்சு சத்தமில்லாமல் நுழைந்திருக்கும்.

வெயிலும் தராசும்

பறித்த பிறகு நடப்பதுதான் பாதிக் கதை. செடியைப் பிடுங்கியதும் காய்கள் மேலே வரும்படி தலைகீழாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். பருப்பின் ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூசணம் வளராது. கருவி இல்லாத விவசாயிக்கும் ஒரு வழி இருக்கிறது: காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். ஓடு உடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று காய்ந்த கடலையின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, ஆப்பிரிக்காவின் மலாவியிலும் உண்டு. பட்ட பாடு அத்தனையையும் அந்த ஒரு வாளித் தண்ணீர் கெடுத்துவிடுகிறது.

இதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வியாபாரி எடைக்குத்தான் காசு கொடுக்கிறார். நன்றாகக் காய்ந்த கடலை எடை குறையும். கூடுதலாக நான்கு நாள் வெயிலில் போட்டவருக்குக் கிடைப்பது குறைந்த பணம். ஈரத்தோடு விற்றவருக்குக் கிடைப்பது கூடுதல் பணம். தராசு இப்படி இருக்கும்போது அறிவுரை எத்தனை தூரம் செல்லும்?

உலக அளவிலான கோடெக்ஸ் உணவுத் தரவிதி, பதப்படுத்தப் போகும் கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் இந்த நஞ்சை அனுமதிக்கிறது. 1,000 டன் கடலையில் 15 கிராம் என்று கணக்கு. ஐரோப்பா இதைவிடக் கண்டிப்பு காட்டுகிறது. தரம் பிரிக்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாம் ஒதுக்கப்படும். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருப்பதில்லை. ஒரு சிலவற்றில் குவிந்திருக்கும். ஆகவே பொறுக்குவது உண்மையிலேயே பலன் தரும். அப்படி ஒதுக்கியவை எங்கே போகின்றன என்பதுதான் கேள்வி. மலிவு விலையில் எண்ணெய்க்கும் மாவுக்கும் தீவனத்துக்கும் போகின்றன. எண்ணெய் பிழிந்தால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். பிண்ணாக்கு தின்ற பசுவின் பாலில் அது வேறு வடிவில் வந்து சேரும். சுத்திகரித்த எண்ணெயில் அது நீங்கிவிடும் என்றாலும், செக்கில் ஆட்டிய எண்ணெயில் கொஞ்சம் மிஞ்சலாம். ஆகவே செக்கு எண்ணெய் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. உள்ளே போன கடலை எப்படிப்பட்டது என்பதைக் கேட்க வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. நஞ்சு சுரக்காத அதே இனப் பூசணத்தை வயலில் தூவி, நஞ்சு சுரப்பதை இடம்பிடிக்க விடாமல் விரட்டும் முறை அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. முள்ளை முள்ளால் எடுப்பது போல! ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள 'இக்ரிசாட்' நிறுவனம், குறைந்த செலவில் நஞ்சைக் கண்டறியும் சோதனை முறையை உருவாக்கியது. அதன் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து, மரபணு மாற்றத்தின் மூலம் பூசணத்தை எதிர்க்கும் கடலையை உருவாக்கி 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அது ஆய்வுக்கூட வெற்றி. இதற்கிடையே ஜூனாகட் கடலை ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து உருவாக்கிய கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள், ஒலிக் அமிலம் மிகுந்து, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காத எண்ணெய் தருகின்றன. 1996இல் பிரான்சில் உருவான 'பிளம்பி நட்' எனும் கடலைப் பசை, பட்டினியால் வாடும் குழந்தைகளை மீட்க உலகெங்கும் போகிறது. அந்தப் பசைக்கு வாங்கும் கடலையில் நஞ்சு இருந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வறுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. வறுக்கும் சூட்டில் நஞ்சு ஓரளவு குறையுமே தவிர முழுதும் அழியாது. மலேசியா, சிங்கப்பூரின் புழுக்கத்தில், திறந்து வைத்த கச்சான் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எனவே கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. சாத்தே குழம்புக்கோ சட்டினிக்கோ, பொடித்து விற்பதை வாங்காமல் முழுப் பருப்பாக வாங்குங்கள். பொடியில் எது சொத்தை என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. முழுப் பருப்பைத் தட்டில் பரப்பி, சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு அரைக்கலாம். பாட்டிமார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்த வேலை அதுதான். ஒரே பொட்டலத்தில் இரண்டு மூன்று தடவை கசப்பு தட்டினால், காசு போகிறதே என்று பார்க்காமல் பொட்டலத்தையே குப்பையில் போட்டுவிடுங்கள்; கோழிக்கும் போட வேண்டாம்.