பிரயாணச் செலவும் பிரயாணப் பயனும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களில் 'பிரயாணச் செலவு' என்னும் தலைப்பைப்போல் அங்கத்தினர்களின் ஐயத்துக்கு இலக்காவது வேறொன்றில்லை. நூல் வாங்கிய கணக்கையும் கூலி கொடுத்த கணக்கையும் அங்கத்தினர்கள் எளிதில் சரிபார்த்துவிடுவார்கள். அவை அவர்கள் கைவழியே கடந்து வந்தவை. வெளியூர் சென்று வந்தவரின் செலவோ அவர்கள் கண்ணுக்கு எட்டாதது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஐயம் முளைப்பது இயல்பே. ஆகவே, சங்கப் பணத்தில் தூரதேசம் செல்வோர் எவ்வாகனத்தில் செல்லுதல் தகும் என்பது சிறிய கேள்வியன்று.

சென்ற ஆண்டு ஆவணிக் கடைசியில் நெசவாளர் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். புதுடில்லியில் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை நடைபெறும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில், சங்கத்தின் சேலைகளையும் துப்பட்டிகளையும் வைத்து விற்க இடம் கிடைத்திருந்தது. இரண்டு பிரதிநிதிகளை அனுப்புவதென முடிவாயிற்று. ஒருவர் நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்த முதியவர். மற்றவர் கணக்கும் இந்தியும் அறிந்த இளைஞர். அவர்களை எப்படி அனுப்புவது என்பதில்தான் தகராறு மூண்டது.

காலம் மிச்சமாகும், சங்கத்துக்கும் கௌரவம் என்று கூறி, ஆகாய விமானமே ஏற்றதென்றார் தலைவர். சரக்கும் ஆளும் ஒன்றாகப் போய்ச் சேர ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தலாம் என்றார் நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர். அப்பொழுது பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதியவரே எழுந்து, "விமானச் சீட்டு ஒன்று என்ன விலை ஐயா?" என்று கேட்டார். ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று பதில் வந்தது.

"ஒரு பாவு முழுவதையும் நெய்து இறக்கினாலும் எனக்கு அவ்வளவு கூலி வருவதில்லை. இரண்டு பேர் போகவர நாலு சீட்டு, நாலு பாவு. யார் தறியிலிருந்து அந்த நாலு பாவை அறுத்து எடுக்கப் போகிறீர்கள்?" என்றார் அவர்.

சபை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் இருந்த பெண் அங்கத்தினர் ஒருவர், "ரயிலில் போனால் கூடுதலாகச் சில நாள் தறி நிற்குமே. அந்தக் கூலியை அவருக்கு யார் தருவது?" என்று மறுகேள்வி கேட்டார். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. எம்முடைய அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். தீர்மானிக்க வேண்டியது சபை. இன்ஸ்பெக்டர் செய்யத்தக்கது கணக்கை விரித்துக் காட்டுவது மட்டுமே. அன்று அங்கே கூறியதையே, பிற சங்கத்தாருக்கும் பயன்படுமென்று கருதி, இங்கே எழுதுகிறோம்.

மூன்று வழிகள்

சென்னையிலிருந்து புதுடில்லி ரயில் பாதையில் சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு, இடையில் ஒரு பகல் கழிய, மூன்றாம் நாள் காலையில் டில்லி சேர்கிறது. விமானம் வானில் பறப்பது மூன்று மணி நேரத்துக்கு உட்பட்டதுதான். ஆனால், இரண்டு மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தை அடைந்து காத்திருப்பதையும், இறங்கியபின் மூட்டைக்கு நிற்பதையும், நகருக்குள் செல்வதையும் கூட்டினால் அதிலும் ஒரு பகல் போய்விடுகிறது. ஊரிலிருந்து சென்னைக்கு வருவது இரண்டுக்கும் பொது. ஆக, ரயிலால் உண்மையில் கூடுவது போகும்பொழுது ஒரு நாள், வரும்பொழுது ஒரு நாள்.

இப்பொழுது பணத்தைப் பார்ப்போம். ரயிலில் தூங்கும் வசதியுள்ள சிலீப்பர் வகுப்புக்கு ஓராள் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்டது. முதியவரின் உடல்நிலை கருதி ஏ.சி. மூன்றடுக்கு வகுப்பில் இடம் வாங்கினாலும், அன்று சொல்லப்பட்ட விமானக் கட்டணத்தில் பாதியை எட்டாது. மிஞ்சும் தொகையிலிருந்து, தறி நின்ற நாட்களுக்கு உரிய கூலியையும் தினப்படியையும் சங்கமே கொடுத்துவிடலாம்; கொடுத்த பின்னும் கணிசமான பணம் சங்கத்தில் நிற்கும். பிரதிநிதியின் கூலியை விழுங்கிக்கொண்டு 'சிக்கனம்' என்று பெயரிடுவது சிக்கனம் ஆகாது. ரயிலில் அனுப்புகிற சங்கம் அந்தக் கூலியைத் தீர்மானத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

வேனைப்பற்றியும் சொல்ல வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலை நேரத்தைப் பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி என வரையறுத்திருந்தது. ஒரே ஓட்டுநர் இம்முறைப்படி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதென்றால் நான்கைந்து நாட்கள் ஆகும். அதைவிட விரைவாகப் போய்ச் சேர்ந்தோம் என்று யாராவது பெருமை பேசினால், தூக்கத்தைத் திருடியே அந்த நேரத்தைச் சேர்த்தார்கள் என்று பொருள். சங்கத்தின் சரக்கும் இரண்டு அங்கத்தினரின் உயிரும், கண் அயர்ந்த ஓட்டுநர் ஒருவரின் கையில் இரவெல்லாம் இருப்பதை எந்த மகாசபையும் விரும்பாது.

ரயில் கட்டணம் குறைந்திருப்பதற்கு அரசாங்கத்தின் தயவு மட்டும் காரணமன்று. அதன் இயக்கத்திலேயே ஒரு சிக்கனம் இருக்கிறது. மணலில் இழுபடும் மாட்டுவண்டிக்கும் கெட்டித்த சாலையில் உருளும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை விவசாயி அறிவார். எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருளும்பொழுது உராய்வு மிகவும் சொற்பம். ஆகவே, ஓர் எஞ்சின் ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்களை இழுத்துச் செல்கிறது. நம் நாட்டு அகல ரயில்பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டமையால், வண்டிக்கென்று டீசல் எரிப்பதும் பெரிதும் குறைந்துவிட்டது. விமானமோ தன் பளுவையும் எரிபொருளின் பளுவையும் சேர்த்து வானுக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. ஓராளைக் கொண்டுசெல்ல அது வெளிவிடும் கரிவாயு ரயிலினுடையதைப்போல் பல மடங்கு. பருவம் தவறிய மழையால் விதைத்ததை இழந்து நிற்கும் விவசாயிக்கு இது எங்கோ நடக்கிற சங்கதியன்று.

பலர் சிறு தொகை கொடுத்து ஒரே எஞ்சினால் இழுத்துச் செல்லப்படுவதும், பலர் சிறு பங்கு சேர்த்து ஒரு சங்கத்தை நடத்துவதும் ஒரே தத்துவத்தின் இரு வடிவங்கள் என்றே நாம் கருதுகிறோம்.

வழியில் காண்பவை

அவ்வழியே நாமும் சில முறை சென்றிருக்கிறோம். கிருஷ்ணா நதியை வண்டி இரவிலேயே கடந்துவிடும். பொழுது புலரும்பொழுது தெலுங்கானாவில் இருப்போம். வாரங்கல் பக்கத்துப் பருத்திக் காடுகள், ராமகுண்டத்தை அடுத்துக் கோதாவரி, அப்பால் மகாராஷ்டிர எல்லையில் பல்லார்ஷா, சந்திரப்பூர், பருத்திக்குப் பேர்போன ஹிங்கன்காட் என்று காட்சிகள் மாறிக்கொண்டே வரும். நவம்பர் மாதம் அங்கே பஞ்சு எடுக்கும் பருவம். தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி வெளி மாநிலங்களிலிருந்தே வருகிறது என்பதை நாம் புத்தகத்தில் படித்திருக்கலாம். ஜன்னல் ஓரத்தில் அமர்ந்து, மணிக்கணக்காக அந்தக் கரிசல் மண் பின்னே செல்வதைப் பார்த்தால்தான் அது மனத்தில் பதிகிறது.

அடுத்து வருவது சேவாகிராமம். 1936-இல் காந்தியடிகள் அங்கே குடியேறினார். ரயிலில் மூன்றாம் வகுப்பிலேயே பிரயாணம் செய்து, அவ்வகுப்பு மக்கள் படும் துன்பங்களை 1917-இல் எழுதி வெளியிட்டவர் அவர். அந்த மூன்றாம் வகுப்பு 1974-இல் நீக்கப்பட்டது. துன்பங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று நாம் சொல்லவில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் இன்றும் நிற்க இடமில்லாமல் செல்வோர் பலர். பிற்பகலில் நாகபுரி, அங்கே ஆரஞ்சுப் பழம் விற்பவர்களைக் காணலாம். இருட்டிய பிறகு நருமதை, போபால். மறுநாள் விடியலில் ஆக்ரா, காலையில் டில்லி.

கவனிக்கத் தக்கவை

ரயிலில் அனுப்பத் தீர்மானிக்கும் சங்கங்கள் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, முன்பதிவு. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து, புறப்படும் நாளுக்கு 60 நாட்கள் முன்னர்தான் முன்பதிவு தொடங்குகிறது. முன்பு 120 நாட்கள் இருந்தது. நவம்பர் 11 இரவு புறப்பட வேண்டுமானால் செப்டம்பர் 12 காலையிலேயே சீட்டு வாங்கிவிட வேண்டும். நிர்வாகக் குழு கூடும் வரை காத்திருந்து, இடம் தீர்ந்தபின் 'வேறு வழியில்லை' என்று விமானச் சீட்டு வாங்கிய கணக்குகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, சரக்கு. சிலீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். ஆனால், அது பிரயாணியின் சொந்த உடைமைக்கு உரிய சலுகை. விற்பனைக்கான ஜவுளி மூட்டைகளைப் பிரயாணிகள் பெட்டியில் ஏற்றுவது விதிக்கு மாறானது. அவற்றைப் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டுப் பதிவு செய்து, ரசீது பெற்று, பத்து நாட்களுக்கு முன்னதாகவே அனுப்பிவிடுதல் நலம். அந்த ரசீது தணிக்கையின்போது சங்கத்துக்கு அரண்.

மூன்றாவது, தாமதம். ரயில் சில வேளைகளில் மணிக்கணக்கில் பிந்துவதுண்டு. மூடுபனிக் காலத்தில் வடக்கே இது மிகுதி. ஒரு நாள் இடைவெளி வைத்தே புறப்பட வேண்டும்.

நான்காவது, விதிவிலக்கு. நோய், நீதிமன்றத் தவணை, மறுநாளே இருந்தாக வேண்டிய அவசரம் ஆகியவற்றுக்கு விமானத்தில் செல்வதை நாம் குறை கூறமாட்டோம். அவசரம் இன்னதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தால் போதும்.

அந்தச் சங்கத்தில் இறுதியில் ரயிலே தீர்மானமாயிற்று. முதியவருக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது. தறி நின்ற நாட்களின் கூலி வழங்கப்பட்டது. தை மாதத்தில் நாம் மீண்டும் அங்கே சென்றபொழுது, அவர் சீட்டுகளையும் பார்சல் ரசீதுகளையும் ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்து, கூட்டத்தார் முன்னிலையில் ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். ஒன்றும் மறைக்கவில்லை. வண்டி மூன்று மணி நேரம் பிந்தியதையும், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமற் போனதையும், முதுகு வலித்ததையும் சொன்னார்.

பிறகு, "நாற்பது வருஷமாய் நூலைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். பஞ்சு எங்கே விளைகிறதென்று இந்த வயதில்தான் பார்த்தேன். நம்மைப்போல் குனிந்துதான் அவர்களும் எடுக்கிறார்கள்" என்றார்.

பிரயாணச் செலவுபற்றி அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை. மிஞ்சிய பணத்தை என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே அந்தக் கூட்டத்தின் எஞ்சிய நேரம் சென்றது. பழுதுபட்ட தறிகளைச் சீர்செய்ய ஒதுக்குவதென ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள்.

இவ்வாண்டும் கண்காட்சிகளுக்குப் பிரதிநிதிகளை அனுப்பவிருக்கும் சங்கங்கள், தேதி தெரிந்தவுடன் நிர்வாகக் குழுவைக் கூட்டி, பிரயாணத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.