மணலில் மாடு வளர்த்த காற்றாடி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இரண்டாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால், மக்காச்சோளக் காடுகள் ஓரிடத்தில் முடிந்துபோகும். அங்கிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல் மூடிய குன்றுகள்தான். மரம் அபூர்வம், வீடு அதைவிட அபூர்வம். எதிரே ஒரு வண்டி வந்தால், ஓட்டுபவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார், தெரிந்தவரோ இல்லையோ.

சாண்ட்ஹில்ஸ் என்ற இந்தப் பகுதியின் பரப்பு சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். குன்றுகள் அத்தனையும் காற்று குவித்த மணல். சில 120 மீட்டர் உயரம்வரை எழும்பி நிற்கின்றன. மேற்கு அரைக்கோளத்திலேயே இதைவிடப் பெரிய மணல்மேட்டுப் பரப்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் புல்லின் வேர்கள் பிடித்து வைத்திருப்பதால்தான் மணல் நகராமல் கிடக்கிறது. உழுதால் கெட்டது, ஆகவே இங்கே பிழைப்பு என்றால் மாடுதான். செர்ரி கவுண்டி என்ற மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 15,500 சதுர கிலோமீட்டர். அதில் வசிப்பவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. மாடுகளோ மனிதர்களைப் போலப் பல மடங்கு.

தொடக்கத்தில் பண்ணைக்காரர்கள் இந்த மணற்காட்டுக்குள் காலெடுத்து வைக்க அஞ்சினார்கள். 1879-ல் அடித்த பனிப்புயலில் மந்தைகள் குன்றுகளுக்குள் சிதறி ஓடின. தேடிப் போனவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது: முந்தைய ஆண்டுகளில் காணாமல் போன மாடுகளும் உள்ளே கொழுத்துத் திரிந்தன. உள்ளே புல் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடியில் இருக்கிறது. மணலில் விழும் மழை ஓடி வீணாவதில்லை. அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறது. கீழே கிடப்பது ஓகலாலா என்னும் மாபெரும் நீர்த்தாங்கி. அதன் மிகத் தடிமனான பகுதி சாண்ட்ஹில்ஸுக்கு அடியில்தான் அமைந்திருக்கிறது. குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் நிலத்தடி நீர் தானாகவே தலைகாட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளாக நிற்கிறது. சில பள்ளத்தாக்குகளில் குழாய் இறக்கினாலே போதும், பம்பு இல்லாமல் நீர் பொங்கும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? மாடு தண்ணீரை விட்டு நெடுந்தூரம் மேயப் போகாது. ஏரிக்கரையிலேயே மந்தை கூடினால் அங்கே புல் மொட்டையாகும். தொலைவில் இருக்கும் புல் தீண்டுவாரின்றி முதிர்ந்துபோகும். மொட்டையான இடத்தில் காற்று மணலைத் தோண்டத் தொடங்கினால், சிறு குழி சில ஆண்டுகளில் பெரும் பள்ளமாகிவிடும். ஆக, இங்கே கேள்வி எவ்வளவு தண்ணீர் என்பதல்ல, எந்த இடத்தில் தண்ணீர் என்பதுதான். அதற்கு விடையாக வந்த இயந்திரம், நீர் இறைக்கும் காற்றாடி.

டேனியல் ஹாலடே என்பவர் 1854-ல் காற்றின் போக்குக்கேற்பத் தன்னையே சரிசெய்துகொள்ளும் காற்றாடிக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககாலத்தில் அலகுகள் மரத்தாலானவை. 1888-ல் சிகாகோவின் ஏர்மோட்டார் நிறுவனம் வளைந்த எஃகு அலகுகள் கொண்ட காற்றாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

மின்சாரம் தயாரிக்கும் காற்றாலைக்கு மூன்று அலகுகள். இதற்கோ சக்கரம் முழுக்க நெருக்கமாகப் பதினெட்டு. வேகமாகச் சுழல்வது இதன் வேலையல்ல. மென்காற்றிலும் கிளம்பி, கனமான தண்டைத் தூக்க வேண்டும். அதற்கு அலகுகள் நிறைய வேண்டும். சக்கரத்தின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் குறைத்து, மேலும் கீழுமான அசைவாக மாற்றுகின்றன. சக்கரம் ஏறத்தாழ மூன்று சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு முறை ஏறி இறங்கும். கோபுரத்தின் நடுவே இறங்கும் அந்தத் தண்டு, ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் சிலிண்டரில் பிஸ்டனை இயக்குகிறது. அதற்குப் பின் நடப்பதெல்லாம் நம் தெருமுனை அடிபம்பின் கதைதான்: தோல் வாஷர், மேலே போன நீரைக் கீழே விடாத வால்வு, ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் நீர். கை அடிக்கும் வேலையைக் காற்று அடிக்கிறது.

பின்னால் இருக்கும் வால், சக்கரத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைக்கிறது. புயல் அடித்தால்? சக்கரம் கோபுரத்தின் மையத்திலிருந்து சற்றே விலகிப் பொருத்தப்பட்டிருக்கிறது. காற்று வலுக்கும்போது அந்த விலகலே சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். வாலோடு இணைந்த ஸ்பிரிங் மெல்ல விட்டுக்கொடுக்கும். காற்று தணிந்ததும் ஸ்பிரிங் சக்கரத்தைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். ஆள் காவல் தேவையில்லை.

கிடைக்கும் நீர் மணிக்குச் சில நூறு லிட்டர்தான். ஆனால் காற்றுள்ளவரை இரவும் பகலும் ஓடும். பக்கத்தில் வட்டமான தொட்டி. நிரம்பினால் வழிந்து சிறு குட்டையாகும், அதில் வாத்து இறங்கும். கோடையில் ஒரு பசு நாளுக்கு 60, 70 லிட்டர் குடிக்கும் என்பதால் காற்று விழுந்த நாட்களுக்கு அந்தத் தொட்டியே கைகொடுக்கும்.

இங்கே குடியிருப்பவரின் ஆண்டு மாட்டோடுதான் நகர்கிறது. குளிர்காலக் கடைசியில் கன்று ஈனும் பருவம். பனியில் இராக்கண் விழிக்க வேண்டும். மே மாதவாக்கில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து கைகொடுப்பார்கள். அவர்கள் பண்ணையில் நடக்கும்போது இவர்கள் போக வேண்டும், கூலி கிடையாது, விருந்து உண்டு. கோடையில் ஈரப் புல்வெளிகளை அறுத்துக் காயவைத்து உருளைகளாகச் சுருட்டுவார்கள். இடையில் நாள் தவறாமல் ஒரு வேலை: ஒவ்வொரு தொட்டியாகப் போய்த் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. மணல் பறக்கத் தொடங்கிய இடங்களில், காற்று மேலும் தோண்டாதிருக்கப் பழைய டயர்களைப் பரப்பி வைத்திருப்பதையும் பார்க்கலாம்.

பயணிகளுக்கும் இங்கே காரியம் உண்டு. வசந்தகாலத்தில் விடியுமுன் மறைவிடத்தில் போய் உட்கார்ந்தால், புல்வெளிக் கோழிச் சேவல்கள் கழுத்துப் பையை உப்பவைத்து ஆடுவதைக் காணலாம். வேலன்டைன் ஊருக்கு அருகில் நயோபரரா ஆற்றில் படகு விடலாம். நிலத்தடி நீர் ஊட்டுவதால் லூப், காலமஸ் போன்ற ஆறுகளின் ஓட்டம் ஆண்டு முழுக்கப் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. அவற்றில் ஒரு வேடிக்கை நடக்கிறது: மாட்டுத் தொட்டியையே ஆற்றில் இறக்கி, உள்ளே இருக்கை போட்டு, குடும்பமாக மிதந்து போகிறார்கள். வட்டத் தொட்டிக்கு முன்பின் கிடையாது. ஆறு திருப்பிய பக்கம் சுற்றிக்கொண்டே போகும். வண்டியில் வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் உண்டு: சாலையின் குறுக்கே குழிமேல் இரும்புக் கம்பிகள் பதித்திருந்தால் வண்டி தாராளமாகப் போகலாம். கால் சிக்கும் என்று மாடு தாண்டாது. கதவு இருந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுப் போவதுதான் முறை.

இப்போது பல பண்ணைகளில் சூரிய ஒளிப் பம்புகள் காற்றாடியின் இடத்தைப் பிடித்து வருகின்றன. கோபுரம் ஏறிப் பழுது பார்ப்பது ஆபத்தான வேலை. தேய்ந்த வாஷரை மாற்றத் தண்டு முழுவதையும் உருவ வேண்டும். சூரியத் தகட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் புதுப் பம்பு வைக்கும் பண்ணைக்காரர் முதலில் பார்ப்பது மாடு இன்னும் மேயாத புல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். காற்றாடி கற்றுக்கொடுத்த அந்தக் கணக்கு தெரியாதவர், எந்தப் பம்பை வைத்தாலும் மணலிடம் தோற்றுப்போவார்.