செருப்பில்லாத நண்பன்

குழந்தைகளே! கோடை வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையைக் கடந்திருக்கிறீர்களா? குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில் போய் நின்றால்தான் உயிர் வரும். நமக்கு அது ஒரு நிமிடத் துன்பம். மறுமுறை மறக்காமல் செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். சரி, நம்மோடு வருகிற நாய்க்கு?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு நாய். அதன் பெயர் மணி.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. ஏப்ரல் மாதம், சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, "பக்கத்து ஊர்க் கடையில் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி வாப்பா" என்று அனுப்பினேன். மூன்று கிலோமீட்டர் தூரம். அவன் சைக்கிளில் கிளம்பினான். எங்கே போனாலும் அவன் பின்னாலேயே வரும் மணியும் கிளம்பியது. லாரியில் அடிபட்டுவிடுமே என்று பயந்து, அதைக் கயிற்றால் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது மணி நொண்டியது. வராந்தாவில் படுத்துக் காலை நக்கிக்கொண்டே இருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். மெத்தைபோல இருக்கும் கறுப்புத் தோல் உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

அரசுக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் புண்ணைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினார். பிறகு பையனைப் பார்த்து, "நீ செருப்பு போட்டிருந்தாயா?" என்றார்.

"போட்டிருந்தேன் டாக்டர்."

"அது?"

பையன் அழுதுவிட்டான். நான் தலை நிமிரவே இல்லை. அந்த வெயிலில் அனுப்பியவன் நான்தானே!

கயிறு செய்த வேலை

இரவெல்லாம் ஒரு சந்தேகம். மணி பிறந்ததிலிருந்து அந்த ஊரில்தான் சுற்றுகிறது. எத்தனையோ கோடையைப் பார்த்திருக்கிறது. அப்போதெல்லாம் வேகாத கால் இன்று மட்டும் ஏன் வெந்தது?

மறுநாள் மதியம் தெருவைப் பார்த்ததும் விடை கிடைத்தது. ஒரு நாய்கூடச் சாலையில் இல்லை! ஒன்று டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. ஒன்று குழாயடி ஈரமண்ணைத் தோண்டிப் படுத்திருந்தது. அவிழ்த்துவிட்ட நாய் தன் நிழலைத் தானே தேடிக்கொள்ளும். கட்டிய நாய்க்கு அது முடியாது. நாம் போகிற வழிதான் அதற்கும் வழி.

அதற்காகக் கயிறில்லாமல் கூட்டிப்போகலாமா? கூடாது. மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலை அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது. வாகனங்கள் பறக்கும் இடத்தில் கயிறு அவசியம். ஆனால் கயிற்றைக் கையில் பிடித்தவுடன், நிழல் பார்க்கும் வேலையும் நம்முடையதாகிவிடுகிறது.

தார் ஏன் கொதிக்கிறது?

கறுப்பு நிறம் சூரிய ஒளியை அதிகமாக உள்ளிழுக்கும். காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் இருக்கும் மதியத்தில், தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். சூரியன் மறைந்த பிறகும் அந்தச் சூடு உடனே இறங்காது. நம் பக்கத்துக் கரிசல் மண்ணும் கறுப்புதான். அதுவும் நன்றாகச் சுடும்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்கு அப்படி வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது உடம்பின் சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் நடத்திக் கூட்டிப்போகும்போது நாயின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டவே கூடாது.

பனி நாட்டிலும் இதே கதை

வெயில் நாட்டில்தான் இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் அலாஸ்காவில் குளிர்காலத்தில் எங்கு பார்த்தாலும் பனி. 1925-ல் அங்குள்ள நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிகள் மாறி மாறிக் கடந்து, ஆறு நாள்களுக்குள் மருந்தைக் கொண்டு சேர்த்தன.

பனியில் அவற்றின் பாதம் ஏன் உறைந்துபோவதில்லை? 2011-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். பாதத்துக்குள் சூடான ரத்தம் வரும் குழாயும், குளிர்ந்த ரத்தம் திரும்பும் குழாய்களும் ஒட்டியே இருக்கின்றன. வரும் ரத்தம் தன் சூட்டைத் திரும்பும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் குளிர்ந்த ரத்தம் உடம்புக்குள் போவதில்லை. பாதமும் உறைவதில்லை. ஆனால் கொதிக்கும் தாரிலிருந்து தோலைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு உதவாது.

குளிரைத் தாங்கினாலும், பனிக்கட்டியின் கூர்முனை பாதத்தைக் கிழிக்கும். விரல் இடுக்கில் பனி உருண்டை ஒட்டிக்கொள்ளும். சாலையில் பனியை உருக்கத் தூவும் உப்பு புண்ணாக்கும். அதனால் அங்குள்ளவர்கள் வீடு திரும்பியதும் நாயின் காலை வெதுவெதுப்பான நீரில் கழுவுகிறார்கள். அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் என்ற நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறைகள் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே பனி, இங்கே வெயில். இரண்டு இடத்திலும் நாயின் காலைப் பார்ப்பது கயிறு பிடித்தவரின் வேலை!

புறங்கைச் சோதனை

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி வராத ஓரமாக, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். அதற்குள் சுட்டு, கையை எடுத்துவிட்டீர்களா? அந்தத் தரை நாய்க்கும் ஆகாது.

இன்னும் சில:

* காலை ஏழு மணிக்கு முன் கூட்டிப்போவது நல்லது. மாலையில் தரையைத் தொட்டுப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.
* தாரை விட்டு, புல் அல்லது நிழல் விழுந்த மண் ஓரமாக நடத்துங்கள்.
* ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு சிரட்டையும் எடுத்துப்போங்கள்.
* சைக்கிளிலோ பைக்கிலோ கட்டி ஓட வைக்காதீர்கள். அது சோர்ந்தாலும் நிற்க முடியாது.
* கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் திடீரென்று இழுத்தால் விழுந்துவிடுவீர்கள்.
* வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்குகளைப் பாருங்கள். நம் ஊரில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் இல்லாத இடம் ஏது? முள் ஆழமாக இறங்கியிருந்தால் நோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய் அளவுக்கு மீறி இரைக்கிறதா? எச்சில் கெட்டியாக ஒழுகுகிறதா? தள்ளாடுகிறதா? அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நாயை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் தேடி அலைய வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடக் கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் மாவட்டத்து நாய்கள்

சிப்பிப்பாறை, ராஜபாளையம் ஆகிய இரண்டு புகழ்பெற்ற நாய் இனங்களும் நம் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்களைக் கொண்டவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் தலைகூட வெளியானது! ஒட்டிய குட்டை முடி கொண்ட இந்த நாய்கள் நம் வெயிலுக்குப் பழகியவை. அடர்ந்த முடியுள்ள பனி நாட்டு நாய்களோ இங்கே மிகவும் தவிக்கும். 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. ஆனால் ஒன்று, சிப்பிப்பாறையானாலும் தெருநாயானாலும் பாதம் தோல்தான். தார் சுட்டால் வேகத்தான் செய்யும்.

மணி என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? இரண்டு வாரம் வேப்பமரத்தடியிலேயே கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து நடந்தது. அதன்பின் அந்தப் பையன் அதைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் குனிந்து சாலையில் புறங்கையை வைப்பான். டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருநாள், "என்னடா, ரோட்டைத் தொட்டுக் கும்பிடுறியா?" என்று கேலி செய்தார்.

"இல்ல தாத்தா, மணிக்குச் சுடுமான்னு பாக்குறேன்" என்றான்.

பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மறுநாள் மதியம் பார்க்கிறேன், டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.