மூடியைத் திறந்ததும் உள்ளே நடக்கும் கூத்து

லினக்ஸ் கர்னலுக்குள் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. விளையாட்டுப் பேச்சில்லை. அதன் நிரலைத் திறந்து தேடினால் 'ரெஃப்ரிஜரேட்டர்' என்றே பெயர் வைத்த ஒரு ஃபங்ஷன் அகப்படும். லேப்டாப்பைத் தூங்கவைக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசர், பாட்டு, டெர்மினல் எல்லாவற்றையும் பிடித்து அதற்குள் தள்ளி உறையவைக்கிறார்கள். மறுபடி மூடியைத் திறந்தால், ஓரிரு நொடியில் கர்சர் விட்ட இடத்திலேயே மினுக்குகிறது. நமக்கு அது சாதாரணம். ஆனால் அந்த ஓரிரு நொடிக்குள் எத்தனை தந்திரம், எத்தனை குறும்பு! வாருங்கள், திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம். டிக்கெட் கிடையாது, லினக்ஸின் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது.

உறைய மறுக்கும் பிடிவாதக்காரர்கள்

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் ஏசிபிஐ என்றொரு விதிமுறையை வெளியிட்டன. கணினி எந்தெந்த ஆழத்தில் தூங்கலாம் என்று அதில் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எஸ்3 என்றால் நினைவகத்துக்கு மின்சாரம் உண்டு, எழுப்பும் சர்க்யூட்டுகளுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் உண்டு, மற்றவை இருட்டு. எஸ்4 என்றால் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்தே போவது. புது லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 கிடையாது. ப்ராசஸரைச் சும்மா இருக்கும் நிலையின் அடியாழத்தில் விட்டுவிடும் 'சஸ்பெண்ட் டு ஐடில்' என்ற கோழித் தூக்கம்தான் அவற்றுக்கு. லினக்ஸ் இதை 2013-இல் 3.9 பதிப்பில் கற்றுக்கொண்டது.

எந்தத் தூக்கமானாலும் முதல் வேலை உறையவைப்பதுதான். கர்னல் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு பொய்யான சிக்னலை அனுப்புகிறது. அது என்னவென்று பார்க்க வரும் ப்ராசஸ் நேராக ஃப்ரிட்ஜுக்குள் நடந்துவிடும். ஆனால் டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ பதில் வரும்வரை அசையமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் ஒன்றிரண்டு எப்போதும் உண்டு. அவற்றுக்கு 20 நொடி கெடு. அதற்குள் மசியவில்லை என்றால் தூக்கமே ரத்து. "இத்தனை டாஸ்க்குகள் உறைய மறுக்கின்றன" என்று கர்னல் லாகில் ஒரு புகாரை எழுதிவைத்துவிட்டு, உறைந்தவர்களையும் வெளியே விட்டுவிடும். பையில் வைத்த லேப்டாப் கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிறதே, அதற்குப் பின்னால் சில நேரம் இப்படி ஒரு பிடிவாதக்காரர் இருப்பார்.

பிள்ளைகள் முதலில், பெற்றோர் பிறகு

ப்ராசஸ்கள் அடங்கியபின் சாதனங்களின் முறை. கர்னலிடம் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. யூஎஸ்பி மவுஸ் ஒரு ஹப்பின் பிள்ளை, ஹப் கன்ட்ரோலரின் பிள்ளை, கன்ட்ரோலர் பிசிஐ பஸ்ஸின் பிள்ளை. தூங்கும்போது பட்டியலைக் கடைசியிலிருந்து படிப்பார்கள். மவுஸ் முதலில் படுக்கும், பஸ் கடைசியில் படுக்கும். எழும்போது தலைகீழ்: பஸ் எழாமல் மவுஸை எழுப்பினால் அது யாரோடு பேசும்?

குடும்ப மரத்துக்குள் அடங்காத உறவுகளும் உண்டு. கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டர் மரத்தின் வேறொரு கிளையில் இருக்கும். அது முந்திக்கொண்டு தூங்கிவிட்டால் கேமரா டிரைவர் வெறுங்கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இந்தத் தலைவலிக்கு 2017-இல் 4.10 பதிப்பில் மருந்து வந்தது. 'இவர் கொடுப்பவர், அவர் வாங்குபவர்' என்று இரண்டு சாதனங்களை முடிச்சுப்போடும் டிவைஸ் லிங்க் அது. வாங்குபவர் படுத்தபிறகே கொடுப்பவர் படுக்கலாம்.

65535 என்ற மந்திரம்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஃபோன் தூங்கலாம் என்று முடிவுசெய்த அதே கணத்தில் ஓர் அழைப்பு வருகிறது என்று வையுங்கள். முழுதாகத் தூங்கியிருந்தால் அழைப்பு அதை எழுப்பிவிடும். விழித்திருந்தால் உடனே கவனித்துவிடும். ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக நாம் கிளம்பும் நொடியில் முன்வாசலில் தபால்காரர் மணியடிப்பது போன்ற நிலைமை. மணி அடித்தது, கேட்க ஆளில்லை.

ஆண்ட்ராய்டு இதற்கு 'வேக்லாக்' என்றொரு வழி வைத்திருந்தது. வேலையிருக்கும் நிரல் பூட்டைப் பிடித்துக்கொள்ளும், பூட்டு விடுபடும்வரை தூக்கம் கிடையாது. அதை மூல லினக்ஸில் சேர்க்கலாமா என்று 2009, 2010-இல் பெரிய சண்டை நடந்தது. சண்டையின் நடுவே, கர்னலின் மின்மேலாண்மைப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ரஃபேல் விசோட்ஸ்கி வேறொரு வழியைச் செய்துகொடுத்தார். 2010-இல் 2.6.36 பதிப்பில் அது சேர்ந்தது. ஆண்ட்ராய்டுக்குப் பழக்கமான பூட்டு வடிவமும் 2012-இல் 3.5 பதிப்பில் உள்ளே வந்தது.

அந்த வழி இதுதான். எழுப்பும் நிகழ்வு ஒவ்வொன்றையும் கர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். தூங்க விரும்பும் நிரல் முதலில் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். தன் வேலைகளை முடித்துக்கொண்டு, படித்த எண்ணை அப்படியே திருப்பி எழுத வேண்டும். இடையில் ஓர் அழைப்பு வந்திருந்தால் எண் மாறியிருக்கும். "நீ சொல்வது பழைய கணக்கு" என்று கர்னல் வாங்க மறுத்துவிடும். எண் சரியாக இருந்தால் தூக்கம் தொடங்கும். தொடங்கியபிறகு ஒன்று வந்தாலும் விடமாட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணைச் சரிபார்த்து, பாதிப் படுக்கையிலிருந்து எழுந்துவிடுவார்கள்.

கணக்குகள் உண்மையில் இரண்டு: இதுவரை முடிந்த நிகழ்வுகள், இந்த நொடியில் நடந்துகொண்டிருப்பவை. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் உலகம் மாறிவிடும். ஆகவே 32 பிட் எண் ஒன்றை இரண்டாகப் பிளந்து, மேல் பாதியில் முடிந்தவை, கீழ்ப் பாதியில் நடப்பவை என்று வைத்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் இரண்டையும் படித்துவிடலாம். நிகழ்வு ஒன்று முடிந்தால் மேலே ஒன்று கூட வேண்டும், கீழே ஒன்று குறைய வேண்டும், அதுவும் ஒரே கணத்தில். என்ன செய்தார்கள் தெரியுமா? 65535-ஐக் கூட்டிவிட்டார்கள்! 65535 என்பது 65536-இல் ஒன்று குறைவு. 65536-ஐக் கூட்டினால் மேல் பாதி ஒன்று ஏறும், ஒன்றைக் கழித்தால் கீழ்ப் பாதி ஒன்று இறங்கும். ஒரே கூட்டலில் இரண்டும் நடந்துவிட்டது. இதை முதன்முதலில் படித்தவர்கள் நாற்காலியில் துள்ளாமல் இருந்திருந்தால் அவர்களுக்குக் கல் மனசு.

குறில் குறில் குறில் நெடில்

எஸ்3 தூக்கத்தில் ப்ராசஸர் தன்னைத்தானே மறந்துவிடும். மூடி திறந்ததும் முதலில் விழிப்பது ஃபர்ம்வேர். தூங்கப்போகுமுன் கர்னல் ஏசிபிஐ அட்டவணையில் ஒரு முகவரியை எழுதிவைத்திருக்கும்: "எழுந்ததும் இங்கே வா." ஃபர்ம்வேர் அங்கே குதிக்கிறது. குதிக்கும்போது உங்கள் நவீன 64 பிட் ப்ராசஸர் எந்த நிலையில் இருக்கிறது? 1978-இல் வந்த 8086 போல, 16 பிட் ரியல் மோடில்! அதனால்தான் கர்னல் தன் எழுப்பும் நிரலை நினைவகத்தின் முதல் 1 எம்பிக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறது. அதற்கு மேல் எட்டிப்பார்க்கும் தெம்பு இன்னும் வரவில்லை.

அந்தச் சின்ன நிரல் முதலில் தன் சொத்து பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு ரகசிய எண்ணைச் சரிபார்க்கிறது. அந்தப் பரம ரகசியம் என்ன? 12345678. ஆமாம், அவ்வளவுதான். பொருந்தவில்லை என்றால் அங்கேயே முடிவில்லாத லூப்பில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். கெட்டுப்போன நினைவகத்தை நம்பி ஓடுவதைவிட நிற்பது மேல்.

அடுத்த குறும்பு இன்னும் அழகு. எஸ்3 பீப் என்ற விருப்பத்தை இயக்கிவைத்திருந்தால், அந்த நிரல் கணினியின் ஸ்பீக்கரில் மோர்ஸ் தந்தி அடிக்கும்: டிட் டிட் டிட் டா. மூன்று குறில், ஒரு நெடில். மோர்ஸில் அது 'வி' என்ற எழுத்து. அந்த நொடியில் திரை இல்லை, டிஸ்க் இல்லை, லாக் எழுத இடமில்லை. இருக்கும் ஒரே வாய் ஸ்பீக்கர்தான். பீப் கேட்டால் கட்டுப்பாடு கர்னல் கைக்கு வந்துவிட்டது, கோளாறு இனிமேல்தான். கேட்கவில்லை என்றால் ஃபர்ம்வேரைப் போய்ப் பாருங்கள்.

பிறகு 32 பிட், 64 பிட் என்று ப்ராசஸர் படிப்படியாக நினைவு திரும்பி, தன் மற்ற கோர்களையும் எழுப்புகிறது. சாதனங்கள் வரிசையாகக் கண் விழிக்கின்றன. ஒன்றையொன்று சாராதவை 2010 முதல் ஒரே சமயத்தில் எழலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேகம் பிடிக்கப் பல நொடி ஆகும். அதுவரை எல்லோரும் கைகட்டி நின்ற காலம் 2014-இல் 3.15 பதிப்போடு முடிந்தது. யூஎஸ்பி விதிமுறை, எழுப்பும் சிக்னலைக் குறைந்தது 20 மில்லிநொடி பிடித்திரு என்கிறது. கர்னல் பிடிப்பது 40. சாதனங்கள் பலவற்றுக்கு 20 போதுவதில்லை என்ற சலிப்பை நிரலின் கமென்ட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கடிகாரத்தில் ஒளித்த துப்பு

எழும் வழியில் எங்கோ ஒரு டிரைவர் மாட்டிக்கொண்டு மெஷின் செத்துவிட்டால்? பவர் பட்டனை அழுத்தி மறுபடி ஆரம்பித்தால் நினைவகம் போய்விடும், குற்றவாளியின் தடயமும் போய்விடும். 2006-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்குச் செய்த வேலையைக் கேளுங்கள். டிஸ்க் இன்னும் எழாத அந்த நேரத்தில் எழுதினால், மறுதொடக்கத்தைத் தாண்டி உயிர்பிழைக்கும் ஒரே பொருள் என்ன? பேட்டரியில் ஓடும் கடிகாரம். சரி, தடயத்தைத் தேதியாக எழுதிவிடு!

வருடம் 100, மாதம் 12, நாள் 28 (எந்த மாதத்திலும் செல்லுபடியாக வேண்டுமே), மணி 24, நிமிடத்தில் மூன்றுக்கு ஒன்றாக 20. நொடியைத் தொட முடியாது, அது ஓடிக்கொண்டே இருக்கும். பெருக்கினால் 1 கோடியே 61 லட்சத்து 28 ஆயிரம் சாத்தியங்கள், அதாவது 24 பிட்டுக்கும் குறைவு. அதற்குள் பயனர் குறிப்புக்கு 16, நிரலில் எந்த இடம் என்பதற்கு 997, எந்தச் சாதனம் என்பதற்கு 1009 என்று பங்கு பிரித்தார். கடைசி இரண்டும் பகா எண்கள். கணினி மறுபடி எழுந்ததும் தேதி ஏதோ ஒரு நூற்றாண்டு மூலையில் போய் நிற்கும். கர்னல் அதைப் பிரித்துப் படித்து, 'இந்த வரியோடு பொருந்துகிறது, இந்தச் சாதனத்தோடு பொருந்துகிறது' என்று லாகில் ஆள் காட்டும். ஒரு நிபந்தனை: 3 நிமிடத்துக்குள் பூட் ஆகிவிட வேண்டும், இல்லையென்றால் தடயம் நகர்ந்துவிடும். இந்தத் தந்திரத்தை அதன் கமென்ட்டிலேயே அவர் 'பயங்கரம்' என்று மூன்று முறை திட்டியிருக்கிறார். ஆனால் வேலை செய்கிறது!

நேரத்தோடு விளையாடினால் சூடுபடும் என்பதற்கு 2018 சாட்சி. கர்னலில் தூங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காத கடிகாரம் ஒன்று, சேர்க்கும் கடிகாரம் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று 4.17 தயாரிப்பின்போது முயன்றார்கள். தூங்கி எழுந்ததும், சேவைகளைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி, "இந்தச் சேவை இத்தனை நேரம் மூச்சே விடவில்லை" என்று முடிவுகட்டி நல்ல சேவைகளைக் கொன்றது. ஒரு டெஸ்க்டாப்போ, யாரும் தொட்டு வெகுநேரமாயிற்று என்று நினைத்து, எழுந்த கையோடு ஸ்கிரீன்சேவரைப் போட்டது. அந்தத் தயாரிப்பு முடியுமுன்பே மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தூங்கிய நேரத்தைச் சொல்லாமல் மறைப்பதே சில இடங்களில் நாகரிகம்.

கடைசியில் ஃப்ரிட்ஜ் திறக்கிறது. பிரவுசரும் பாட்டும் வெளியே வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தொடர்கின்றன. நன்றாக எழும் கணினியைப் பாராட்டி யாரும் ஒரு வரி எழுதியதில்லை, எழாவிட்டால்தான் பேச்சு. என்னைக் கேட்டால் ஒரு கர்னலின் தரத்தை அளக்க அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டாம், எவ்வளவு ஒழுங்காக எழுகிறது என்று பார்த்தால் போதும். அத்தனை டிரைவர்களும் ஒருவரையொருவர் மதித்து நடக்கும் நேரம் அது ஒன்றுதான்.

உங்களிடம் லினக்ஸ் இருந்தால் இன்றிரவே பார்த்துவிடலாம். ப்ராக் அடைவில் ஏசிபிஐக்குள் 'வேக்கப்' என்ற கோப்பைத் திறந்தால், உங்கள் கணினியை எழுப்ப அனுமதி பெற்றவர்களின் பட்டியல் கிடைக்கும். 'ஆர்டிசிவேக்' என்ற கட்டளையில் 30 நொடி அலாரம் வைத்துத் தூங்கவையுங்கள். எழுந்ததும் கர்னல் லாகைப் படியுங்கள், மேலே சொன்ன கட்டங்கள் பலவற்றை நேரத்தோடு காணலாம். ஆனால் அதற்கு முன், திறந்துவைத்திருக்கும் கோப்புகளை எல்லாம் சேமித்துவிடுங்கள். டிரைவர்களின் குணம் யாருக்குத் தெரியும்?